மலை ஊர் ரெசிடென்சிக்குக் கட்டிய 5,760 வெள்ளி போச்சு: பணம் அனுப்புமுன் படித்துவிடுங்கள்

5,760 சிங்கப்பூர் வெள்ளி. கலைஞர்கள் போய்த் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சி ஒன்றுக்கு, இரண்டு பேருக்கு, ஆறு வாரத்துக்கு என்று கட்டிய பணம். ஆறாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டோம். சிங்கப்பூர் திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது, ஒரு காசு வந்து சேரவில்லை. நம் ஆட்களில் ஓவியம், பிரிண்ட்மேக்கிங், செராமிக் செய்பவர்கள் அடுத்த ஆண்டு ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் நேரம் இது. நாங்கள் விண்ணப்பித்த இணையத்தளத்தில் நாங்கள் போன அதே ஊர் இன்னும் விளம்பரத்தில் இருக்கிறது. 'இன்னும் இரண்டே இடம்' என்று நேற்றுகூடப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. உலகம் முழுக்க உள்ள கலைஞர் தங்கும் திட்டங்களைப் பட்டியல் போட்டு, விண்ணப்பம் வாங்கி, நடத்துபவரிடம் சேர்த்துவிடும் தளம். ஊர், மத்திய இத்தாலியின் அபெனைன் மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கிட்டே இருக்கிறது. போருக்குப் பிறகு பிழைப்புத் தேடி ரோமுக்கும் வடக்கே தொழிற்சாலைகளுக்கும் ஜனங்கள் போய்விட்டார்கள். இப்போது ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவர்கள் பதினோரு பேர். மற்ற வீடுகளெல்லாம் பூட்டு.

இப்படி ஆளொழிந்த ஊரில் கலைஞர்களை அழைத்து வைத்து உருப்படியாக நடத்தும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் தொகுஷிமா மலைப்பகுதியில் காமியாமா என்ற சிற்றூர் 1999 முதல் செய்துகொண்டிருக்கிறது. நீகாட்டாவில் எச்சிகோ-சுமாரி விழா 2000இல் தொடங்கியது. காலி வீடுகளும் மூடிய பள்ளிக்கூடங்களும்தான் அங்கே கலைக்கூடம். இத்தாலியிலேயே 1887 நிலநடுக்கத்தில் இடிந்த புஸ்ஸானா வெக்கியாவில் பிற்பாடு கலைஞர்கள் போய்க் குடியேறினார்கள். இதெல்லாம் உண்மை என்பதால்தான் இந்த விளம்பரமும் உண்மை மாதிரியே தெரிந்தது. நல்ல இடங்கள் சேர்த்து வைத்த பெயரை இதை நடத்தும் ஆள் விற்றுக் காசாக்குகிறார்.

விளம்பரத்தில் இருந்தவை: பழைய பள்ளிக்கூடத்தில் வடக்கு வெளிச்சம் விழும் கூடம், அரித்த உலோகத் தகட்டிலிருந்து அச்செடுக்க எழுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு எட்சிங் பிரஸ், எண்பது லிட்டர் மின்சூளை, ஐம்பது கிலோ களிமண், தகட்டை அரிக்க ஃபெரிக் குளோரைடு கரைசல், சூடான அறை, பேருந்து வசதி. கடைசி இரண்டையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபெரிக் குளோரைடுதான் கண்ணில் பட்டது. அரிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் கொண்டுபோக முடியாது, அந்த இடத்திலேயே இருந்தால் பெரிய நிம்மதி. அதைக் குறிப்பிட்டு எழுதியிருப்பவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டோம்.

கட்டணம் ஆளுக்கு 1,500 யூரோ. அதோடு 'பொருள், கூடப் பராமரிப்பு' என்று ஆளுக்கு 400 யூரோ. முதல் தொகையை நடத்துபவரின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்னது தளத்தின் பக்கமேதான். இரண்டாவதுக்கு ஒரு லிங்க் அனுப்பினார்கள், அதைக் கார்டில் கட்டினோம். வங்கிக் கட்டணத்தோடு சேர்த்து வங்கிப் பரிமாற்றம் 4,560 வெள்ளி, கார்டு 1,200 வெள்ளி. மொத்தம் 5,760. விமான டிக்கெட்டை இதில் சேர்க்கவில்லை.

பணம் அனுப்புமுன் வீடியோ அழைப்பு கேட்டோம். உடனே ஒத்துக்கொண்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்து காட்டினார். பெரிய சன்னல், பக்கவாட்டில் விழும் சாம்பல் வெளிச்சம், நடுவில் பிரஸ், மூலையில் சூளை. அடுத்த அறையில் ஒரு பாட்டி மடியில் துணி விரித்துச் செஸ்ட்நட் கொட்டைகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். 'உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்' என்றார் இவர். பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அதோடு எங்கள் கேள்விகள் நின்றுவிட்டன. மறுநாள் பணம் போய்விட்டது.

அந்த அழைப்பில் பிரஸின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். சூளையைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் அவரால் முடிந்திருக்காது.

தீபாவளி முடிந்து பத்தாம் நாள் கிளம்பி, அக்டோபர் 31 மாலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். நடத்துபவர் வரவில்லை. சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருப்பதாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. நவம்பர் 1 அங்கே பொது விடுமுறை, மறுநாள் ஞாயிறு. பேருந்து என்று சொன்னது பள்ளி நாள்களில் காலை ஒன்று, மதியம் ஒன்று, அவ்வளவுதான். கடை கிடையாது. கடை இருக்கும் ஊர் பதினான்கு கிலோமீட்டர் கீழே. கையில் கொண்டுபோன மேகி பாக்கெட்டுகளும் பருப்புப் பொடியும்தான் இரண்டு நாள் சாப்பாடு.

பள்ளிக்கூடக் கதவில் சிவப்பு வெள்ளை நாடா. அதன் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் நகராட்சி முத்திரையோடு ஒரு தாள், வெயிலில் மஞ்சளடித்திருந்தது. தேதி நவம்பர் 2016. கொட்டை எழுத்தில் 'இனஜீபிலே' என்ற சொல். ஆள் புழங்கத் தகுதியற்ற கட்டடம் என்று அர்த்தம். 2016 ஆகஸ்ட் 24இல் அமாத்ரிச்சே ஊரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கமும் அக்டோபர் 26, 30 தேதிகளில் வந்தவையும் அந்த மலைத்தொடரில் எத்தனையோ கட்டடங்களை இந்த நிலைக்குத் தள்ளின. சுவரில் சன்னல் மூலையிலிருந்து தரை வரை குறுக்கே ஓடும் வெடிப்பு, உள்ளே விரல் நுழையும் அகலம். ஆக, அந்த ஆள் நாடாவைத் தாண்டி உள்ளே போய், எந்த நேரமும் இறங்கக்கூடிய கூரைக்கடியில் நின்றுகொண்டு, எங்களிடம் பேசியிருக்கிறார். வயதான ஒரு பாட்டியையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியே நின்று சன்னல் வழியாகப் பார்த்தோம். பிரஸ் இருந்தது. கைப்பிடி இல்லை. மேலே உள்ள அழுத்தத் திருகுகள் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மூன்று ஃபெல்ட் கம்பளம் இருக்க வேண்டிய இடத்தில் எலி கடித்த ஒன்று சுருண்டு கிடந்தது. ஃபெல்ட் இல்லாமல் எட்சிங் அச்சு எடுக்கவே முடியாது. ஈரக் காகிதம் தகட்டின் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுக்க அந்த மெத்தை வேண்டும்.

நவம்பர் 1, 2 இரண்டு நாளும் ஊரை விட்டுப் போனவர்கள் கல்லறைக்குச் செவ்வந்திப் பூ வைக்கத் திரும்பி வருவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர்தான் எங்களிடம் விவரம் சொன்னார். ரோமில் டாக்சி ஓட்டியவராம், ஓரளவு ஆங்கிலம் பேசினார். போன ஆண்டும் இப்படி இரண்டு பேர் வந்து அழுதுகொண்டு போனார்களாம். பாட்டி கீழூரில் மகளோடு இருக்கிறார். வீடு வாங்க வருகிறார்கள் என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்தப் பாட்டி அன்றைக்குக் கல்லறைக்கு வந்தபோது எங்கள் கையில் ரொட்டியும் ஒரு பை செஸ்ட்நட்டும் கொடுத்தார். ஊர்க்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எங்களைத் தங்க வைத்த வீட்டுக்கு வருகிறேன். இங்கே இருந்துகொண்டு யாருக்கும் கேட்கத் தோன்றாத விவரம் இதில்தான் இருக்கிறது. இத்தாலியில் வீடுகளுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 3 கிலோவாட் மின்னிணைப்பு. அதை ஓரளவுக்கு மேல் தாண்டினால் மீட்டரே துண்டித்துவிடும். நம் அடுக்குமாடி வீட்டுப் பழக்கத்தில் தண்ணீர் சூடாக்கியும் கேத்தலும் ஒன்றாகப் போட்டால் முடிந்தது. 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றும் குளிக்கும் தண்ணீர்த் தொட்டி 1.2 கிலோவாட்டும் ஓடும்போது கேத்தலையும் போட்டால் துண்டித்தது. மீட்டர் வீட்டுக்குள் இல்லை, கீழே தெருமுனைப் பெட்டியில். இரவு இரண்டு மணிக்குக் கற்படியில் உறைபனி மேல் டார்ச் பிடித்து இறங்கிப் போய்ப் போட வேண்டும். எண்பது லிட்டர் சூளைக்குக் குறைந்தது ஐந்தாறு கிலோவாட் வேண்டும். அந்த ஊர் இணைப்பில் சூளை என்று ஒன்றை விளம்பரத்தில் போட்டதே பொய்.

அறை சூட்டுக்கு மரத்துகள் பெல்லட் அடுப்பு. அதுவும் மின்சாரத்தில்தான் பற்றும், பெல்லட்டைத் தள்ளும் திருகும் மின்சாரத்தில்தான் சுற்றும். மின்சாரம் போனால் சூடும் போகும். நாள் முழுக்க எரித்தால் 15 கிலோ மூட்டை ஒன்று ஒரு நாளைக்கு ஆகும். ஆறு வாரத்துக்கு நாற்பது மூட்டையாவது வேண்டும், வைத்திருந்தது நான்கு. அறைக்குள் காலையில் 7 டிகிரி. அந்தக் குளிரில் எந்த ஊடகமும் வேலைக்கு ஆகாது. அக்ரிலிக் சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலமாகச் சேராது, காய்ந்த பிறகு வெடித்து உதிரும். எட்சிங் மை பிசினாக இறுகித் தகட்டில் பரவாது. ஃபெரிக் குளோரைடு அரிப்பது ரொம்ப மெதுவாகிவிடும். களிமண் பைகளைத் திறந்த கொட்டகையில் போட்டிருந்தார்கள். உள்ளே நீர் உறைந்து, உருகியபின் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. எண்ணெய் வண்ணம் காற்றோடு சேர்ந்து காய்வது, குளிரிலும் இருட்டிலும் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

நடத்துபவரைக் கூப்பிட்டோம். முதல் நாள், 'பண்டிகை, திங்கள்கிழமை பேசலாம்.' திங்கள், 'பள்ளிக்கூடத்தில் சின்ன வேலை நடக்கிறது, அடுத்த வாரம் திறந்துவிடும்.' தாளின் படத்தை அனுப்பினோம். 'கலைஞன் என்றால் இடத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டும், நீங்கள் ஹோட்டல் எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள்' என்று பதில் வந்தது. அதன் பிறகு எண்ணைத் தடுத்துவிட்டார். கீழூர்க் காராபினியேரி காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வாங்கிக்கொண்டுதான் ரோமுக்கு ரயில் ஏறினோம்.

தளம் இன்னும் மோசம். முதல் மின்னஞ்சலுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, 'நாங்கள் வெறும் பட்டியல் தளம், கட்டணத்தில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை.' வங்கிக் கணக்கு எண் உங்கள் பக்கத்தில்தானே இருந்தது என்று படத்தோடு கேட்டோம். வேறொருவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பச்சை நிற 'சரிபார்க்கப்பட்டது' முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று மூன்று தடவை கேட்டபின், மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வேலை செய்கின்றன என்பது மட்டும்தான் அர்த்தம் என்று ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் எழுதிய விமர்சனம் 'பரிசீலனையில்' என்று இன்றுவரை வெளிவரவில்லை. கடைசியாக, அடுத்த விண்ணப்பத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 5,760 வெள்ளியைப் பறிகொடுத்தவர்களுக்குக் கூப்பன்!

இங்கே வந்து வங்கியைக் கேட்டாகிவிட்டது. வெளிநாட்டுக்குப் போன 4,560 வெள்ளியைத் திரும்பக் கேட்டு அந்த வங்கிக்கு எழுதலாம், ஆனால் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் பணம் வரும். யார் சம்மதிப்பார்கள்? கார்டில் போன 1,200 வெள்ளியைத் திருப்பக் கேட்டு வங்கியில் எதிர்ப்பு மனு போட்டிருக்கிறோம், அதற்கு மட்டும் கொஞ்சம் வழி இருக்கிறது. இங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை கேட்கும், ஆனால் எதிராளி இங்கே இல்லையென்றால் யாரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது? போலீசில் அறிக்கை கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரவு ஒரு மணி ஆகிவிட்டது, மனசும் சரியில்லை. அவசரத்துக்கு இவ்வளவு சொல்கிறேன். இத்தாலியில் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு 2025 முதல் சி.ஐ.என். என்ற தேசிய எண் கட்டாயம், விளம்பரத்திலேயே போட வேண்டும். எண் கேளுங்கள், 'இது சங்கம் நடத்துவது, எண் தேவையில்லை' என்று நழுவினால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். கட்டடத்தின் முகவரியை வாங்கி அந்த ஊர் நகராட்சிக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டு, புழங்கத் தகுதியானதா என்று கேளுங்கள். மீட்டர் எத்தனை கிலோவாட் என்று படம் கேளுங்கள். குளிர்காலம் என்றால் எத்தனை மூட்டை பெல்லட், யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பு தங்கியவர்களை அவர் தரும் பட்டியலில் தேடாமல் நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். எதைக் கட்டினாலும் கார்டில் கட்டுங்கள், வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம். சந்தேகம் என்றால் சிங்கப்பூரின் மோசடி உதவி எண் 1799க்கு அடித்துக் கேளுங்கள்.

வசந்த காலத்துக்கு அந்த மலை ஊருக்கு யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கதவில் ஒட்டிய தாளின் படமும் காராபினியேரி புகார் நகலும் தருகிறேன். கார்டில் கட்டியிருந்தால் காலையில் முதல் வேலையாக வங்கியைக் கூப்பிடுங்கள். மனு போட நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும்.