பேஸ் கிட்டார் டேப் ஆப்புக்கு மூண்டு மாசம் காசு கட்டின கதை

முதல்லயே சொல்லிர்றன், நான் மியூசிக் படிச்சவன் இல்ல, சுரமும் தெரியா நொட்டேசனும் தெரியா. பேண்ட்ல வாசிச்ச அண்ணா ஒராள் வெளிநாடு போகக்குள்ள அவர்ட பேஸ் கிட்டார, அதான் தாழ்ந்த சத்தம் வாற நாலு கம்பி கிட்டார, 28,000க்கு தந்திட்டுப் போனார், அதான் தொடக்கம். நம்மட வீடு மட்டக்களப்பு கல்லடி. யாழ் நூல் எழுதின விபுலாநந்த அடிகளார்ட சமாதி இரிக்கிற ஊர்ல இருந்து பொடியன் ஹெவி மெட்டல் பழகுறான் எண்டா வீட்டுல என்ன சொல்லிரிப்பாங்க எண்டு நீங்களே யோசிங்க.

டேப் எண்டா கேசட் டேப் இல்ல, டேப்லேச்சர். நாலு கோடு, நாலு கம்பி, கோட்டுக்கு மேல நம்பர். கிட்டார் கழுத்துல குறுக்கால வரிசையா இரிக்கிற கட்டைதான் ப்ரெட், 5 எண்டு இரிந்தா அஞ்சாவது ப்ரெட்ல அமத்து, 0 எண்டா அமத்தாம சும்மா அடி, அவ்வளவுதான் படிப்பு. ஒரே ஒரு குழப்பம், கீழ்க்கோடுதான் தடிச்ச ஈ கம்பி, ஆனா கிட்டார மடியில வச்சிக் குனிஞ்சி பாத்தா தடிச்ச கம்பி மேல கிடக்கும். முதல் ரெண்டு நாள் தலைகீழா வாசிச்சிட்டு இந்தப் பாட்டு ஏன் இப்பிடிக் கேக்குது எண்டு இரிந்தன்.

ஆப்புட பேர் சொல்லல்ல, குறையும் சொல்லப்போறன், எதுக்கு வம்பு. ப்ரீயா கிடைக்கிற டேப்ப விட்டுட்டு இதுக்குக் காசு கட்டினதுக்குக் காரணம் ப்ரீ டேப்ல பாதி பிழை. ஈ கம்பில அஞ்சாவது ப்ரெட்டும் அதுக்கு அடுத்த ஏ கம்பிய சும்மா அடிக்கிறதும் ஒரே சுரம், அப்ப எந்த இடத்தில வாசிச்சாலும் சரிதானே எண்டு எழுதினவர் நினைச்சிரிப்பார், ஆனா கை அங்க இருந்து இங்க பாயணுமே, வேகமான பாட்டுல பாய ஏலா. காசு கட்டுற ஆப்புல அது கொஞ்சம் ஒழுங்கு. மறுகா வேகத்தப் பாதியாக் குறைக்கலாம், பாட்டுல ஒரு சின்னத் துண்ட மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடலாம், பேஸ் சத்தத்த மட்டும் நிப்பாட்டிட்டு மத்தவங்களோட சேந்து வாசிக்கலாம். இது மூண்டும் உண்மையா நல்ல விசயம், காசுக்குப் பிழை சொல்ல ஏலா.

அதவிட ஒண்டு இரிக்கு. மெட்டாலிக்கா பேண்ட்ட 1988ல வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஆல்' கேட்டிரிக்கிங்களா, அதுல பேஸ் எங்க எண்டு தேடணும், ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சிரிக்கார் ஆனா மிக்ஸிங்ல அவர அமத்தி வச்சிட்டாங்க. காதால புடிச்சிப் பழகலாம் எண்டு சொல்லுற ஆக்கள் அந்த அல்பத்த ஒருக்கா முயற்சி செஞ்சி பாருங்க. ஆப்புல பேஸ் ட்ராக்க மட்டும் ஓட விட்டா அந்த மனிசன் என்ன செஞ்சிரிக்கார் எண்டு அப்பதான் தெரியுது. சத்தம் என்னமோ கலியாண வீட்டு கீபோர்ட் சத்தம்தான், பரவால்ல.

இப்ப குறைக்கு வருவம். ப்ளாக் சபாத்ட 1971 அல்பத்துல 'சில்ட்ரன் ஒஃப் த க்ரேவ்' எடுத்து ரெண்டு கிழம வாசிச்சன். ஆப்புட்ட சத்தத்தோட வாசிக்கக்குள்ள ஒரே குழப்பம், சரி ஆப்பு பிழை எண்டு ஒரிஜினல் பாட்டப் போட்டன், அதுவும் சேரல்ல, என்ட கம்பி பழசு எண்டு நினைச்சன், பொறகு என்ட காது பழசு எண்டு நினைச்சன். கடைசில பாத்தா ஸ்க்ரீன்ட மூலையில எறும்பு மாதிரி ஒரு எழுத்து, கம்பி நாலையும் மூண்டு ப்ரெட் அளவுக்குக் கீழ இறக்கி ட்யூன் பண்ணணுமாம். சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு தகரம் வெட்டுற பெக்டரில ரெண்டு விரல் நுனி போனது, கம்பி தளர்ந்தா விரலுக்கு லேசு எண்டு அவர் இறக்க, பேஸ் வாசிச்ச கீசர் பட்லரும் சேந்து இறக்கினார். இவ்வளவு பெரிய விசயத்த பாட்டுக்கு முன்னுக்கு ஒரு வரி பெரிசா எழுதக் கூடாதா? அப்பிடி இறக்கினா என்ட மெல்லிய கம்பி ப்ரெட்ல பட்டு டரடர எண்டு அடிக்குது, அது வேற கத.

போன் ஸ்பீக்கர்ல இந்த ஆப்பப் பாவிக்க யோசிச்சிங்க எண்டா வேணாம். பேஸ்ட ஈ கம்பி சும்மா அடிச்சா 41 ஹேர்ட்ஸ், போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த சத்தம் ஏலாது, நம்மட மட்டக்களப்பு வாவிக்குள்ள பாடுற மீன் மாதிரி, இரிக்கு எண்டு சொல்லுவாங்க ஆனா கேக்காது. ஹெட்போன் கட்டாயம்.

அடுத்தது தாளம். அயர்ன் மெய்டன்ட 'த ட்ரூப்பர்', 1983 பாட்டு, அவங்கட பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் பிக் (கம்பிய மீட்டுற சின்னத் தகடு) இல்லாம ரெண்டு விரலாலயே குதிர ஓடுற மாதிரி ஓட்டுவார். டேப்ல நம்பர் எல்லாம் லேசு, ஒரே நம்பர் வரிசையா வரும். விரல் சரி, இடம் சரி, ஆனா குதிர நொண்டுது. நம்பருக்குக் கீழ குச்சி குச்சியா தாளம் போட்டுத்தான் இரிக்கு, அது எனக்கு விளங்கினாத்தானே. ஒரு பின்னேரம் மாமா வந்திரிந்தார், அவர் முந்தி கூத்துக்கு மத்தளம் அடிச்ச ஆள், திண்ணையில இருந்து கேட்டுட்டு "மருமகன், நீ எல்லாத்தையும் ஒரே அளவா அடிக்கிறாய், அது தாம் தக, தாம் தக எண்டெல்லோ போகுது, தாமுக்கு நில்லு, தகவ ஓட்டு" எண்டார். வாயால சொல்லிட்டு மேசையில தட்டியும் காட்டினார். அவர் அந்தப் பாட்ட அதுக்கு முதல் கேட்டதே இல்ல. ஆப்புல வேகத்தப் பாதியாக்கி, வாயால தாம் தக சொல்லிக்கொண்டு அடிச்சன், மூண்டாம் நாள் குதிர ஓடிச்சிது, முழு வேகத்துல இல்ல, முக்கால்வாசி.

அப்ப வாங்கலாமா? மாசக்காசு கட்டுங்க, வருசக்காசு கட்டாதிங்க. டொலர்ல வெட்டுறாங்க, ரூபாய்க்கு மாத்தக்குள்ள வலிக்குது. கார்ட் குடுத்தா தானா வெட்டிக்கொண்டே போகும், நான் மூண்டாம் மாசம் மறந்துபோய்க் குடுத்தன். அஞ்சிக்கு மூண்டரை குடுக்கலாம். இப்ப நிப்பாட்டிட்டன், வாசிக்கிற நாலு பாட்டையும் சியார் கொப்பில எழுதி வச்சிரிக்கன், கோட்டுக்குக் கீழ தாம் தகவும் எழுதியாச்சி.

ஒரு உதவி. உப்புக்காத்துக்கு என்ட கம்பி நாலும் துருப்புடிச்சிட்டு, டவுண்ல கேட்ட கடைல ஆறு கம்பி கிட்டார் செட்டத்தான் எடுத்துக் காட்டினாங்க. மட்டக்களப்புக்குள்ள, இல்லாட்டி கல்முனப் பக்கம் எண்டாலும் பரவால்ல, பேஸ் கம்பி, கொஞ்சம் தடிச்சது, எங்க எடுக்கலாம் எண்டு தெரிஞ்சா சொல்லுங்க.