அரச தோல் நோய் கிளினிக், திருகோணமலை: நரம்பு வலிக்காகப் போனோம்

உப்புவெளியில் இருக்கும் என் அண்ணனுக்குத் தொழுநோய் மருந்து முடிந்து நோய் குணமாகிவிட்டது. ஆனாலும் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை இரவில் நெருப்பாக எரிகிறது. தனியார் ஆய்வுகூடம் ஒன்று 'நரம்பு அழற்சி' என்று நீண்ட இரத்தப் பரிசோதனைப் பட்டியலுக்குப் பணம் வாங்கியது. சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) சாதாரணம் என்று ஒரு தாள் வந்தது, விளக்கம் வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கிளினிக்கில் வைத்தியர் தாளுக்கு முன் கையைப் பார்த்தார். முழங்கையின் உட்புறப் பள்ளத்தில் நரம்பை விரலால் மெல்ல உருட்டி, தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று சோதித்தார். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டார். சுண்டுவிரலில் அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை.

சி.ஆர்.பி. உடலின் பொதுவான அழற்சியைக் காட்டும்; எந்த நரம்பு என்று சொல்லாது. டி.என்.எஃப். போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களை ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். ஆனால் இந்த நரம்பு வலியை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றார் வைத்தியர். நரம்பு புதிதாக வீங்கினால் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து. பழைய சேதத்தின் எரிவுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள். அண்ணனுக்கு இரண்டாவது வகை.

மருந்து இலவசம்; காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். தாதி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். இந்த நோயின் பெயரைக் கேட்டு நாற்காலியை நகர்த்தியவர்களைப் பார்த்த எனக்கு அது பெரிது. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; அது இருப்பவர்கள் தயங்காமல் போங்கள்.