ஜெஸ்டிலேயே ஒட்டுப்போடுவதா, வீடெஸ்டுக்கு மாறுவதா?

பேக்கேஜ் ஒன்றை அப்கிரேடு செய்கிறீர்கள். ஆப் பிரவுசரில் நன்றாக ஓடுகிறது, சோதனைகள் மட்டும் வரிசையாக விழுகின்றன. ‘கேனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைட் எ மாட்யூல்’ என்றோ ‘அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன் எக்ஸ்போர்ட்’ என்றோ பிழை வருகிறது. சோதனைகளை ஓட்டும் கருவியான ஜெஸ்ட் வழக்கமாகக் கோப்புகளை, ரிக்வயர் எழுதும் பழைய காமன்ஜேஎஸ் முறையில் ஏற்றும். நிறுவிய பேக்கேஜ்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதை, கோடை உருமாற்றும் பேபலிடம் கொடுக்காது. புதிய பதிப்பில் அந்த பேக்கேஜ், இம்போர்ட் எழுதும் புதிய மாட்யூல் முறையான ஈஎஸ்எம் ஆகியிருந்தால், இம்போர்ட் வரி உருமாறாமல் வந்து முட்டிக்கொள்ளும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாலைந்து பேராக உட்கார்ந்து, பல வாடிக்கையாளர்களின் ரியாக்ட் ப்ராஜெக்ட்களைப் பராமரிக்கிற டீம்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட் என்ற கருவி கொண்டு பில்ட் ஆகும் ப்ராஜெக்ட் என்றால், அதன் மேலேயே ஓடும் சோதனைக் கருவியான வீடெஸ்டுக்கு மாறுங்கள். நாங்கள் மாறிவிட்டோம்.

ஜெஸ்டிலேயே இருந்துகொண்டு, பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைப்பது அவசரத்துக்கு உதவும். டெர்மினல் எழுத்துக்கு நிறம் தரும் சாக் 4, இணையத்திலிருந்து தரவு எடுக்கும் நோட்-ஃபெட்ச் 2 இரண்டும் காமன்ஜேஎஸ்தான். அவற்றின் அடுத்த பெரிய பதிப்புகள் ஈஎஸ்எம் மட்டும். நோட் 18 முதல் ஃபெட்ச் உள்ளேயே வருவதால், நோட்-ஃபெட்சை மொத்தமாகத் தூக்கிவிடுவது இன்னும் நல்லது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் புதிய பதிப்பில் மட்டும் வரும் நாளில் இந்த வழி அடைபடும்.

அடுத்தது ஜெஸ்டின் டிரான்ஸ்ஃபார்ம் இக்னோர் பேட்டர்ன்ஸ். பலரும் முதலில் கைவைப்பது இங்கேதான், வழுக்குவதும் இங்கேதான். இதில் எழுதும் பேட்டர்ன்களில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் கோப்பு உருமாற்றப்படாது. ஏற்கெனவே நோட் மாட்யூல்ஸ் முழுவதையும் ஒதுக்கும் வரி இருக்க, அதன் கீழே விலக்கு வரி ஒன்றைச் சேர்த்தால் பயனில்லை. பழைய வரியையே மாற்றி, விலக்கை அதற்குள் எழுத வேண்டும். பேக்கேஜ்களை நிறுவ பிஎன்பிஎம் பயன்படுத்தினால் பாதையில் நோட் மாட்யூல்ஸ் இரண்டு முறை வரும், நடுவில் பதிப்பு எண்ணோடு ஒரு ஃபோல்டரும் இருக்கும். சாதாரணமாக எழுதிய விலக்கு அங்கே வேலை செய்யாது.

பேட்டர்ன் சரியாக இருந்தும் பிழை போகாவிட்டால் பேபல் கான்ஃபிகைப் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் பேபல் ஆர்சி கோப்பு உங்கள் சொந்த பேக்கேஜின் கோட் வரைக்கும்தான் செல்லுபடியாகும். நோட் மாட்யூல்ஸுக்குள் எட்டாது. அதையே பேபல் கான்ஃபிக் ஜேஎஸ் என்ற கோப்பாக மாற்றி, கிளியர் கேஷ் ஒருமுறை ஓட்டுங்கள். டைப்ஸ்கிரிப்டை உருமாற்ற டிஎஸ்-ஜெஸ்ட் வைத்திருப்பவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளும் ப்ரீசெட்டுக்கு மாறி, டைப்ஸ்கிரிப்ட் கான்ஃபிகில் அலவ் ஜேஎஸ் போட வேண்டும்.

ஜெஸ்டையே உயர்த்தினால் தீராதா என்று கேட்பார்கள். ஜெஸ்ட் 27 பேக்கேஜின் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியைப் படிக்காது. மெயின் வரியைப் பார்த்து, சர்வரோடு பேச உதவும் ஆக்ஸியோஸ் 1-இன் ஈஎஸ்எம் கோப்பை எடுத்து விழும். 28 படிக்கும், ஆகவே ஆக்ஸியோஸ் சரியாகிவிடும். அதே 28, பிரவுசர் போல நடிக்கும் ஜேஎஸ்டாம் சூழலில் பிரவுசருக்கான கோப்பைத் தேடிப்போவதால், 27-இல் ஓடிக்கொண்டிருந்த யூயூஐடி 8 என்ற அடையாள எண் பேக்கேஜ் விழும். யூயூஐடி 9-க்குப் போனால் அது தீரும். வேறொரு பேக்கேஜ் வழியாக உள்ளே வந்திருந்தால் பேக்கேஜ் ஜேசனில் ஓவர்ரைட்ஸ் எழுத வேண்டும். யார் இழுத்து வந்தது என்பதை என்பிஎம் எல்எஸ் காட்டும்.

நோடில் எக்ஸ்பெரிமென்டல் விஎம் மாட்யூல்ஸ் கொடியைப் போட்டு ஜெஸ்டை நேராக ஈஎஸ்எம்மில் ஓட்டுவதும் ஒரு வழி. ஆனால் நிஜ மாட்யூலுக்குப் பதில் போலியை வைக்கும் ஜெஸ்ட் மாக் வரிகள், அங்கே இம்போர்ட்களுக்கு மேலே ஏற்றப்படாது. அன்ஸ்டேபிள் மாக் மாட்யூல் எழுதி, அதன் பிறகு டைனமிக் இம்போர்ட் செய்ய வேண்டும். சோதனைகளைத் திருத்தத்தான் போகிறோம் என்றால், ‘அன்ஸ்டேபிள்’ என்று பெயரிலேயே சொல்லும் ஒன்றுக்காக அந்த உழைப்பைப் போட எனக்கு மனம் வரவில்லை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஜெஸ்டின் விலக்குப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக ஈஎஸ்எம் பக்கம் நகர்கின்றன. ஒன்றைச் சேர்த்தால் அது இழுத்துவரும் இன்னொன்று விழும். அந்தப் பேட்டர்னை எழுதியவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப்போய்விட்டால், நம் ஊர் டீம்களில் அடுத்து வருபவர் அதைத் தொடவே பயப்படுவார். வீடெஸ்ட் நோட் மாட்யூல்ஸில் உள்ளவற்றைப் பெரும்பாலும் நோடின் சொந்த லோடரிடமே விட்டுவிடுகிறது. நோடுக்கு ஈஎஸ்எம் தெரியும். அங்கேயும் ஒரு பட்டியல் உண்டு, மறைக்கவில்லை. ஈஎஸ்எம் என்று அறிவிக்காமலே இம்போர்ட் எழுதியிருக்கும் பேக்கேஜ், கோப்பின் நீட்சியை விட்டுவிட்ட பேக்கேஜ், சிஎஸ்எஸ்ஸை இம்போர்ட் செய்யும் பேக்கேஜ் இவற்றை வீடெஸ்ட் கான்ஃபிகின் சர்வர் டெப்ஸ் இன்லைன் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பேக்கேஜ்காரர்கள் திருத்தத் திருத்த இந்தப் பட்டியல் சுருங்கும்.

மாறும்போது விழும் இடங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வீடெஸ்ட் 3-க்கு நோட் 18, வீட் 5 குறைந்தபட்சம் வேண்டும். ஜேஎஸ்எக்ஸ் எழுதிய கோப்பு வெறும் ஜேஎஸ் நீட்சியில் இருந்தால் வீட் ஏற்காது, பெயரை மாற்றுங்கள். மாக் செய்த மாட்யூலின் அசலை எடுக்க ரிக்வயர் ஆக்சுவல் எழுதிய இடமெல்லாம் அவெய்ட்டோடு இம்போர்ட் ஆக்சுவல் ஆக வேண்டும். ஆக்ஸியோஸை மாக் செய்யும்போது கெட், போஸ்ட் இரண்டையும் டிஃபால்ட் என்ற கீயின் உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் ‘நோ டிஃபால்ட் எக்ஸ்போர்ட்’ என்று விழும்.

நிறைய நேரம் தின்னும் பிழை வேறொன்று. கடலூர் துறைமுகத்து மீன் ஏல பில் ஆப் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ‘வஞ்சிரம் 12 கிலோ’ என்ற வரியைத் தேடும் சோதனை தனியாக ஓட்டினால் பச்சை. கோப்பு முழுவதையும் ஓட்டினால் ‘ஃபவுண்ட் மல்டிபிள் எலிமென்ட்ஸ்’. திரையை வரைந்து சோதிக்க உதவும் டெஸ்டிங் லைப்ரரி, ஒவ்வொரு சோதனைக்கும் பின் ஓடும் ஆஃப்டர் ஈச் குளோபலாக இருந்தால்தான் முந்தைய திரையைத் தானே துடைக்கும். வீடெஸ்டில் குளோபல்ஸ் இயல்பாக அணைந்திருப்பதால் முதல் சோதனை வரைந்த பில் அங்கேயே கிடக்கிறது. குளோபல்ஸை ட்ரூ ஆக்குங்கள், அல்லது செட்டப் கோப்பில் ஆஃப்டர் ஈச்சை இம்போர்ட் செய்து அதற்குள் கிளீனப்பை அழையுங்கள்.

ரியாக்ட் நேட்டிவ் ஆப்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அதன் ப்ரீசெட் ஜெஸ்டுக்காகவே எழுதப்பட்டது, அங்கே விலக்குப் பட்டியலோடுதான் வாழ வேண்டும். ரிக்வயர் வழியாகவே மாக் செய்யும் பழைய நோட் சர்வர் கோடுக்கும் மாறச்சொல்லத் தயங்குவேன்; வீடெஸ்டின் மாக் ரிக்வயர் அழைப்புகளைப் பிடிக்காது.

மாற்றத்தைத் தனி கிளையில் செய்யுங்கள், அதில் வேறு எந்த அப்கிரேடையும் கலக்காதீர்கள். பழைய ஜெஸ்டையும் புதிய வீடெஸ்டையும் ஓட்டி, மொத்தச் சோதனை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். குறைந்தால், பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு உள்ள டெஸ்ட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள்: பெயரில் டெஸ்ட் அல்லது ஸ்பெக் இல்லாத கோப்புகளையும் ஜெஸ்ட் அந்த ஃபோல்டருக்குள்ளிருந்து எடுக்கும், வீடெஸ்ட் எடுக்காது. எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு ஜெஸ்ட், பேபல்-ஜெஸ்ட் இரண்டையும் நீக்கலாம். பேபல் கான்ஃபிகை மட்டும், பில்ட் அதைத் தொடவில்லை என்று பார்த்த பிறகு நீக்குங்கள்.