பங்கு விற்ற லாப வரி: மென்பொருளா, எக்செல் தாளா?

செலவு: எக்செலில் நம் நேரம்தான் செலவு, மென்பொருளுக்குப் பெரும்பாலும் சந்தா.

உழைப்பு: ஐந்தாறு விற்பனைக்குத் தாளே போதும். நூறைத் தாண்டினால், முதலில் வாங்கியதே முதலில் விற்றது என்று கையால் பொருத்துவது பெரும் தலைவலி.

துல்லியம்: சிக்கல் இங்கேதான். வேறு டிமேட் கணக்கிலிருந்து (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) மாற்றிய பங்குகளுக்கு என் மென்பொருள் வாங்கிய விலையைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டது. விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிட்டது! 2018 பிப்ரவரி 1-க்கு முன் வாங்கியவற்றுக்கு வாங்கிய விலையோடு 2018 ஜனவரி 31-இன் உச்ச விலையையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் குறுகிய கால லாபத்துக்கு (ஓராண்டுக்குள் விற்றால்) 20 சதவீத வரி, நீண்ட காலத்துக்கு 12.5 சதவீதம்.

அடிக்கடி விற்பவர்களுக்கு மென்பொருள். பழைய பங்குகளோ போனஸ் பங்குகளோ (நிறுவனம் இலவசமாகத் தருபவை) இருந்தால், அவற்றை மட்டும் தாளில் சரிபார்த்துவிடுங்கள்.