திருகோணமலைக் கப்பலின் மாதிரி கட்டப்போகிறவர்களுக்கு: பசை போடுமுன் ஏராவை (கப்பலின் அடிமரத்தை) அளந்து பாருங்கள்

320 பவுண் போய்விட்டது. காசு போனதைவிட, அப்பாவோடு தொடங்கிய வேலை பாதியில் நின்றதுதான் எனக்கு ஆறவில்லை. மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டும் வேறு எவரும், துண்டுகளைப் பொருத்திக் கட்டும் இதே பெட்டியை வாங்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், ஹார்ட்டில்பூலில், எங்கள் ஊரான திருகோணமலையின் பெயரோடு ஒரு பாய்க்கப்பல் மிதக்கிறது. 1782இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாக வைத்த பெயர். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் கடலில் இறக்கிய போர்க்கப்பல் அது. இன்னும் மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சுவேலை செய்தவர். மூன்று வருடங்களுக்கு முன் அவரை ஹார்ட்டில்பூலுக்குக் கூட்டிப் போனேன். கப்பலுக்குள்ளே மரச்சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். 1:64 அளவில், அதாவது அறுபத்துநான்கில் ஒரு பங்காக, அதை அவரோடு சேர்ந்து கட்டவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே வந்துவிட்டது.

போன வருடம் ஓர் இணையக் கடையில் இந்தக் கப்பலின் பெட்டி இருப்பதைக் கண்டேன். லேசரில் வெட்டிய துண்டுகள், வால்நட் பலகைகள், பித்தளைப் பீரங்கிகள், முழு அளவு வரைபடங்கள் என்று போட்டிருந்தார்கள். பெயர்பெற்ற கம்பனிகளின் பெட்டிகளைவிட விலை நன்றாகக் குறைவு. வங்கியில் நேரே போட்டால் பத்து வீதம் கழிவு என்றார்கள். போட்டேன்.

பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை. வரைபடத்தை விரித்தபோதே உறுத்தியது. தாள் புத்தம்புதிது, ஒரே ஒரு மடிப்புத்தான். ஆனால் அதன்மேல் நெடுக்கும் குறுக்குமாகச் சாம்பல் கோடுகள். வேறு யாரோ எட்டாக மடித்து வைத்திருந்த தாளை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள், அந்த மடிப்புகளின் நிழலும் சேர்ந்து விழுந்திருக்கிறது. ஓர் ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட சரி அடையாளம்கூட அச்சாகியிருந்தது. எவரோ வருடக்கணக்கில் உழைத்து வரைந்த படத்தைத் திருடி எனக்கு விற்றிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நான் பசையை எடுத்தேன்.

விலா எலும்புபோல் நிற்கும் வங்குக்கால்களை ஏராவில் பொருத்தி முடித்து, மேல்தளத் துண்டை வைத்தபோது அது பின்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அப்பாதான் சொன்னார்: "தம்பி, தளத்தைச் சீவாதே. முதல்ல ஏராவை அளந்து பார்." உண்மையான கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி நாலரை அங்குலம். 1:64இல் அது 716 மில்லிமீற்றர் வரவேண்டும். எங்கள் ஏராவிலும் வரைபடத்திலும் அந்தத் தளத்துக்கு வந்த நீளம் 695. நகலெடுக்கும்போது படம் மூன்று வீதம் சுருங்கியிருக்கிறது, ஏராவை அந்தச் சுருங்கிய படத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். வங்குக்கால்களும் தளமும் வேறெங்கோ இருந்து சரியான அளவில் வந்தவை. அவை இந்த ஏராவோடு எந்தக் காலத்திலும் பொருந்தா.

இந்தக் கப்பலின் கதையிலேயே ஒரு வரைபடக் கதை உண்டு. அதன் படங்கள் முதலில் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில்தான் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் ஜாவாவைப் பிடித்து அழித்தார்கள். மறுபடி படங்கள் அனுப்பவேண்டி வந்தது, கட்டத் தொடங்கவே 1816 ஆயிற்று. படம் பிழையானால் கப்பல் இல்லை என்பது கப்பல் கட்டும் தச்சர்களான ஓடாவிகளுக்குத் தெரியும். பெட்டி விற்றவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வால்நட் என்று வந்த பலகையை முன்பக்கத்துக்கு வளைக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கால் மணித்தியாலத்தில் தண்ணீர் சாயத்தண்ணீராகிவிட்டது, விரலெல்லாம் கபிலம். பலகை உள்ளே வெள்ளை, வளைத்தால் படக்கென்று முறிகிறது. பீரங்கிகளில் கரோனேட் என்ற குட்டை வகையே இல்லை, எல்லாம் ஒரே நீளம்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். மரம் என்றால் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்று முதல் பதில். பிறகு 15 பவுண் தருவதாகச் சொன்னார். மறுத்ததும், என் செலவில் வெளிநாட்டு முகவரி ஒன்றுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். அதன்பிறகு பதிலே இல்லை. இரண்டு மாதத்தில் அதே பெட்டியின் விளம்பரப் படங்கள் வேறொரு கடைப்பெயரில் நிற்கின்றன.

இங்கிலாந்தில் 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்ட் கம்பனியிடமே கேட்டிருக்கலாம். அந்தப் பத்து வீதக் கழிவு எதற்கு என்று இப்போது விளங்குகிறது. வாங்கமுன் வரைபடத்தை வரைந்தவர் யார் என்று விற்பவரிடம் கேளுங்கள், பெயர் தெரியும் மூலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், புதுத்தாளில் பழைய மடிப்புக்கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பலகைத் துண்டின் நுனியை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தளத்தையும் ஏராவையும் பசையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பொருந்தாவிட்டால் எதையும் ஒட்டாமல், அளவுகோலை வைத்துப் படமெடுத்து, அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒட்டியபிறகு கேட்டதால், நான்தான் பழுதாக்கினேன் என்று அவர்கள் சொல்ல நானே இடம் கொடுத்துவிட்டேன்.