யூகே யூனிவர்சிட்டி வேலை எண்டு காசு கட்டப் போறவை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

வெள்ளவத்தையில காலி வீதிக் கரையில ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில இருக்கிற ஒஃபிஸ். பேர் போடேல்ல, போட்டா வேற பிரச்சினை வரும். கம்பஸில என்ர டெம்பரரி டெமொன்ஸ்ட்ரேட்டர் கொன்ட்ராக்ட் முடிஞ்சு நாலு மாசம் சும்மா இருந்த நேரம், அங்க ஏற்கனவே காசு கட்டியிருந்த அக்கா ஒராள் சொல்லித்தான் போனன் (அவவும் பாவம், அவவுக்கும் இன்னும் ஒண்டும் வரேல்ல).

ரிசேர்ச் அசிஸ்டன்ட் வேலை, மூண்டு வருசம், வீசா எல்லாம் தாங்களே பாப்பினமாம். முதல் 75,000 கட்டினன். பிறகு ஒருநாள் இன்டர்வியூ எண்டு வட்ஸ்அப் கோல், 12 நிமிசம், அந்தப் பக்கம் கமெரா ஓஃப். நான் ரெண்டு இரவு முழிச்சிருந்து என்ர தீசிஸ், யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில நைட்ரேட், எல்லாம் திருப்பிப் படிச்சு வச்சிருந்தா, "குளிர் தாங்குவீங்களா, ஓவர்டைம் செய்வீங்களா" எண்டு கேட்டிட்டு வச்சிட்டார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்.

அடுத்த கிழமை செலெக்டட் எண்டு ஒஃபர் லெட்டர், இன்னும் 110,000 கட்டினா வேலை வீசாவுக்குத் தேவையான ஸ்பொன்சர்ஷிப் சேர்டிபிகேட் வரும் எண்டிச்சினம், அம்மா காப்பை அடகு வச்சுத் தந்தா. வந்திச்சுது, லமினேட் பண்ணி, பொன் நிறத்தில முத்திரை குத்தி. நானும் அதைப் படம் எடுத்து லண்டன் மாமாவுக்கு அனுப்ப, அவர் உடனே கோல் எடுத்து "பிள்ளை, அது பேர்தான் சேர்டிபிகேட், உண்மையில அது கொம்பியூட்டரில இருக்கிற ஒரு நம்பர், பேப்பரே இல்லை, அதுக்குக் காசு கட்டுறதும் வேலை தாற ஆக்கள்தான்" எண்டார். எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு.

பிறகுதான் லெட்டரில இருந்த ஈமெயிலை ஒழுங்காப் பாத்தன். அங்கத்த யூனிவர்சிட்டி எண்டா கடைசியில டொட் ஏசி டொட் யூகே எண்டு முடியோணும், இதில ஏசி-யூகே எண்டு நடுவில ஒரு கோடு போட்டு, முடிவில டொட் கொம். ஃபோனில சின்ன எழுத்தில பாத்தா பிடிபடவே மாட்டுது. உண்மையான டிபார்ட்மென்டுக்கு நானே எழுதிக் கேட்டன், அடுத்த நாளே பதில், அப்பிடி ஒரு வேலையே இல்லை, தாங்கள் அப்ளை பண்ணுறதுக்கு ஒருத்தரிட்டயும் காசு வாங்குறேல்லையாம்.

ஒஃபிஸுக்குப் போனா முதல் நாள் "தங்கச்சி, ஜூஸ் குடிக்கிறீங்களா" எண்டு கேட்ட அதே அண்ணா ரிசீட்டைத் திருப்பிக் காட்டுறார். பின்பக்கம் இங்கிலிசில, கன்சல்டேஷன் ஃபீ, திருப்பித் தரப்படமாட்டாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற லைசன்ஸ் எங்க எண்டு கேட்டன், "நாங்க ஸ்டூடன்ட் கன்சல்டன்சிதானே" எண்டார். போர்டிலயும் அப்பிடித்தான் கிடக்கு, வேலைக் கதையெல்லாம் உள்ளுக்கு வந்தாப் பிறகுதான். பொலிசிலயும் அந்த ரிசீட்டைப் பாத்திட்டு யோசிக்கினம்.

ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம், நான் காசு போனாப் பிறகுதான் அடிச்சனான்.

வாற செவ்வாய் காலமை பத்தரைக்கு பத்தரமுல்லையில பணியகத்துக்கு முறைப்பாடு குடுக்கப் போறன், அந்த அக்காவும் வாறா. அதே மாடியில காசு கட்டின வேற ஆக்கள் இருந்தா இன்பொக்ஸ் வாங்கோ, ரிசீட்டின்ர ரெண்டு பக்கமும் கொபி எடுத்துக்கொண்டு.