மூணு வருஷமா பிரெஞ்ச அசை பிரிச்சுப் படிச்ச அனுபவம்

பிரெஞ்சு கத்துக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. முதல் வாரத்துலேர்ந்தே பென்சில் எடுத்து ஒவ்வொரு வார்த்தையையும் அசை அசையா கோடு போட்டுப் பிரிச்சுதான் படிக்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

விதி ஈஸிதான். ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்த மெய் வந்தா அது அடுத்த அசையோட போயிடும், அ-னி-மால். ரெண்டு மெய் வந்தா ஆளுக்கொண்ணு, பார்-தீர். ரெண்டாவது மெய் ல், ர்-ஆ இருந்தா பெரும்பாலும் சேர்ந்தே போகும், தா-ப்லோ.

ஆறு மாசத்துல புத்தகம் நல்லா வாசிச்சேன், ஆனா ரேடியோ போட்டா ஒண்ணும் பிடிபடல. எழுத்துல பிரியறது வேற வாயில பிரியறது வேறன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சனிக்கிழமைக்கு எழுத்துப்படி ஸா-மெ-தி, மூணு அசை, ஆனா பேசறப்ப ஸாம்-தி, ரெண்டே ரெண்டு. அதவிடப் பெருசு, அங்க வார்த்தைக்கு நடுவுல வேலியே கிடையாது. பன்மைப் பெயருக்கு முன்னாடி வர்ற 'லே'ங்கிற சின்ன வார்த்தையைத் தனியா சொன்னா கடைசி எஸ்ஸுக்குச் சத்தமே இல்ல, பின்னாடி 'அமி' (நண்பர்கள்) வந்துட்டா அதே எஸ் தேனீ ரீங்காரம் மாதிரி அதிர்ந்து லே-ஸா-மி ஆயிடும். 'அவெக்' (கூட), 'எல்' (அவ) ரெண்டு வார்த்தையும் சேர்ந்தா அ-வெ-க்கெல். நமக்கு இது புதுசா என்ன, பாலும் ஆடையும் சேர்ந்தா பா-லா-டைன்னுதானே சொல்றோம்! இது உறைச்ச நாள்லேர்ந்து வார்த்தைக்கு வார்த்தை கோடு போடறத விட்டுட்டு முழு வாக்கியத்தையும் காதுல விழுற மாதிரியே பிரிச்சேன், நாலஞ்சு மாசத்துல ரேடியோ செய்தி புரிய ஆரம்பிச்சுது.

இன்னொரு நல்ல விஷயம், அவங்க த நம்ம த மாதிரியே பல்லுல நாக்கு பட்டு வரும், இங்கிலீஷ் பழக்கத்துல ட போடாம இருந்தா போதும்.

மூக்கொலிக்கு மட்டும் கோடு உதவல. நல்லதுக்கு ஆண்பால் 'போன்' சொல்றப்ப நாக்கு எங்கயும் ஒட்டக் கூடாது, பெண்பால்ல நாக்கு ஒட்டி ன் முழுசா கேக்கணும். இத திரும்பத் திரும்பக் கேட்டுதான் பிடிச்சேன்.

ஹெச்ல ஆரம்பிக்கிற சில வார்த்தைங்ககிட்டயும் ஜாக்கிரதை. வீரர்கள் லே-ஏ-ரோ, அங்க போய் சேர்த்துச் சொன்னா லே-ஸே-ரோ, பூஜ்யங்கள்னு அர்த்தமாயிடும். எந்த ஹெச் சேர விடும், எது விடாதுன்னு எழுத்தப் பாத்துச் சொல்ல முடியாது, அகராதில குறி போட்டிருப்பாங்க, அதப் பாத்து தனி நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன்.